பெட்டி பெரட்டுக்குப் போன காலை

என் நாத்தனார் விமானம் ஏறிய அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். உடம்பில் ஒரு சூடும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையம் வரை போக வேண்டும், சிரிக்க வேண்டும், படம் பிடிக்கும்போது அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அது என்னால் ஆகாத காரியம். என் கணவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"சூடு இல்லியே?"

"உள்காய்ச்சல்" என்றேன்.

அவருக்குத் தங்கை முதல்முறையாக வெளிநாடு போகிற சந்தோஷம். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அவளுடைய பயணப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவள் வாசலில் நின்று, "அண்ணி, கொத்தமல்லி அவிச்சு பிளாஸ்க்ல ஊத்தி வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படுங்க" என்று குரல் கொடுத்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் போட்டிருந்தது என்னுடைய குளிர் ஜாக்கெட். உண்மையாகவே காய்ச்சல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது பதுளையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடக்கிற சின்ன நிறுவனத்தில். அதை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் தொலைத்தொடர்பு எஞ்சினியராக இருந்தவர். மாற்றலில் இங்கே வந்தார், ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்டார். நாங்கள் சேர் என்போம். கைத்தொலைபேசிக்கு சிக்னல் எட்டாத மலைகளுக்கென்று அவர் ஒரு ரேடியோப் பெட்டி செய்தார். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரு பெரிய பெட்டி, தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும், அதாவது டிவிஷனிலும், ஒரு சின்னப் பெட்டி. இவை ஒன்றோடொன்று பேசும், செய்தி அனுப்பும். பழைய ரேடியோவில் எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு வலுவோடு பேசுவது என்பதை உள்ளே இருக்கிற பாகங்கள் தீர்மானித்தன. எங்கள் பெட்டியில் அதைத் தீர்மானிப்பது மென்பொருள்.

கிழக்கே ஒரு நாட்டில் இந்தப் பெட்டியைக் கேட்டார்கள். எந்த நாடு என்று சொல்ல எங்கள் ஒப்பந்தம் இடம் தராது. அங்கே விற்க வேண்டுமானால் அந்த நாட்டு ஆணையம் அனுமதி தர வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய ஆய்வுகூடத்தில் பெட்டி தேற வேண்டும். பாகங்களால் ஓடுகிற கருவி என்றால் இது அவ்வளவு கஷ்டம் இல்லை. மென்பொருளால் ஓடுகிற கருவியை யாரும் லேசில் நம்புவதில்லை. இன்றைக்கு ஒழுங்காக இருக்கும். நாளைக்கு யாராவது நாலு வரியை மாற்றினால் பக்கத்து விமான நிலையத்தின் அலைவரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பெட்டியையும், அதில் ஓடுகிற மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அது என்ன செய்யும், எப்போது செய்யும், எவ்வளவு வலுவில் செய்யும் என்று நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காத ஒன்றை அது செய்துவிட்டால் ஆளையே சந்தேகப்படுவார்கள்.

அப்படி எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கு எஞ்சினியர் பட்டம் கிடையாது. ஆங்கிலம் படித்தேன், மிச்சத்தை வேலை செய்து செய்து பிடித்துக்கொண்டேன். இந்த அனுமதிக்காக வெளிநாட்டோடு எழுத்தில் மல்லுக்கட்டியது முழுக்க நான். அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நான் பதில் எழுதுவேன், அந்தப் பதிலிலிருந்து மூன்று கேள்வி முளைக்கும். சமையல் செய்துகொண்டே மனத்துக்குள் பதில் எழுதிப் பருப்பைக் கரிய விட்டிருக்கிறேன்.

நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். பல்கலைக்கழகம் முடித்து கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்தவளை, "வீட்லயே தங்கிக்கலாம், நம்ம சேர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்று கூட்டிவந்தேன். என் வயிற்றெரிச்சலுக்கு நானே விறகு வைத்தேன் என்று சொல்லலாம். சேர்ந்த முதல் வாரமே அவள் ஆபீஸ் நடுவில் நின்று, "அண்ணி, இந்த பைல் எங்க?" என்று கூப்பிட்டாள். அடுத்த நாள் கணக்கு எழுதுகிற பையன் என்னை அண்ணி என்றான். கீழே துணிக்கடைக்காரர் அண்ணி என்றார். ஒரு மாதத்துக்குள் சேரே, "அண்ணி, அந்த மெயில் அனுப்பியாச்சோ?" என்று கேட்க ஆரம்பித்தார். அவருக்கு என் அப்பா வயது. அவளை மட்டும் எல்லோரும் எஞ்சினியர் என்றார்கள். அவள் எஞ்சினியர், நான் அண்ணி.

வீட்டிலும் அதே கதை. பசறை போகிற பாதையில், தோட்டத்து எல்லையில் எங்களுக்கு வாடகை வீடு. நான் அரைக்கிற சம்பலை என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அவள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அரைத்தால், "ஆகா, அம்மா கைப்பக்குவம்" என்பார். அவளும் சும்மா இருக்க மாட்டாள். "அண்ணிகிட்ட கத்துக்கிட்டதுதான்" என்பாள். சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். இவள் சண்டைக்கும் வர மாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெட்டிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பகல் முழுக்க ஒழுங்காக ஓடியது. காலையில் மட்டும், ஆபீஸிலிருந்து பேசுவது கீழ் டிவிஷனுக்குக் கேட்கவில்லை. ஏரியலை மாற்றிக் கட்டினார்கள். பனிமூட்டம் என்றார்கள், மரம் என்றார்கள். ஒரு தேநீர் வேளையில் நான் சொன்னேன்:

"அது பெரட்டு நேரம் சேர். எல்லா டிவிஷனும் ஒண்ணாக் கத்துவாங்க. அந்த நேரத்துக்கு மட்டும் ஆபீஸ் பெட்டிய கொஞ்சம் பலமா பேச விட்டா என்னா?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுக்கிற கூட்டம். இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருகிறவரை நானும் அம்மாவோடு பெரட்டுக் களத்தில் நின்று கொழுந்தெடுக்கப் போனவள். பிந்திப் போய் அரைப்பேர் வாங்கியிருக்கிறேன். அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். என் நாத்தனாரும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் சின்ன வயதிலேயே விடுதியில் போட்டுப் படிக்க வைத்துவிட்டார்கள். பெரட்டில் அவள் ஒரு நாளும் நின்றதில்லை.

சேர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அதை மென்பொருளில் எழுதி முடித்துவிட்டாள். காலையில் குறிப்பிட்ட நேரம் வந்ததும் பெரிய பெட்டி தானாகவே வலுவைக் கூட்டிக்கொண்டு பேசும், பிறகு பழையபடி அடங்கிவிடும். மறுநாள் கீழ் டிவிஷனிலிருந்து, தெளிவாகக் கேட்கிறது என்று தகவல் வந்தது. சேர் மேசையைத் தட்டினார்.

"கெட்டிக்காரி! இது எப்பிடியப்பா உமக்குத் தோன்றினது?"

"அண்ணியும் நானும் பேசிக்கிட்டிருந்தப்ப வந்துச்சு சேர்."

"ஓமோம். நல்ல மூளை உமக்கு."

அவர் காதில் அண்ணி விழவே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'அண்ணி சொன்னது' என்பதற்கும் 'அண்ணியும் நானும் பேசிக்கிட்டிருந்தப்ப' என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்கு முழுக்க அளந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் அவள் எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆய்வுகூடத்திலிருந்து மெயில் வந்தது. பெட்டியை அனுப்புங்கள், கூடவே அதைப் பற்றித் தெரிந்த ஒருவரும் வரட்டும் என்று. ஒருவர். மெயில் என் பெயருக்கு வந்தது, முதலில் வாசித்தது நான், பதில் எழுதப்போவதும் நான். அப்படியிருக்க, போகப்போவது வேறு யாராக இருக்க முடியும் என்று தீர்மானமே பண்ணிவிட்டேன். யாரும் சொல்வதற்கு முன்பே, பதுளைக் கடைத்தெருவில் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் ஏறி, நல்ல கனமான ஜாக்கெட் ஒன்று எடுத்தேன். கரும்பச்சை நிறம், உள்ளே பஞ்சு வைத்தது.

"நுவரெலியாவுக்கா தங்கச்சி?" என்று கேட்டார் முதலாளி.

"இல்ல நானா, வெளிநாட்டுக்கு. ஆபீஸ் வேலையா."

"மாஷா அல்லாஹ். அப்ப இன்னும் தடிச்சதா ஒண்ணு பாக்கவா?"

அந்தக் கடையிலிருந்து இறங்கி நடந்த நடையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. திங்கட்கிழமை சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "மென்பொருளைப் பற்றிக் கேள்வி வரும். ஆனபடியால் எஞ்சினியர் போறதுதான் சரி. அண்ணி இஞ்ச இருந்து பேப்பர் வேலையைப் பாப்பா, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி, உங்ககிட்ட குளிருக்குப் போடுற மாதிரி எதும் இருக்கா?"

அலுமாரியில் விலைச்சீட்டோடு தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். "எனக்குத்தான் வாங்கி வச்சீங்களா?" என்று அவள் கண் கலங்கிவிட்டது. என் கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் போய் வெங்காயம் உரித்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து படங்கள் வந்தன. கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் என் ஜாக்கெட். சுவரெல்லாம் பஞ்சுக் கூம்பு ஒட்டிய சோதனை அறையில் என் ஜாக்கெட். வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேருக்கு நடுவில், சிரித்துக்கொண்டு, என் ஜாக்கெட். என் கணவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டினார். அவள் வீடியோவில் கூப்பிட்டால் நேரே, "அண்ணி எங்க? அண்ணிய காட்டுங்க" என்பாள். பின்னால் அந்த ஆய்வுகூடத்துப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்துக் கையாட்டுவார். நானும் ஆட்டுவேன். சோதனை எப்படிப் போகிறது என்று கேட்டால் நல்லா போகுது என்பாள். நல்லா போகக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, "இதுக்கு அண்ணி வந்திருக்கணும்" என்று சேர் சொல்லும்படி ஆனால் போதும் என்று மட்டும் நினைத்தேன். நினைத்தது பலித்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

வலுவை அளக்கிற சோதனை தொடங்கிய காலை, ஆய்வுகூடம் திறந்து வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பெட்டி அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி வலுவைக் கூட்டியது. சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. அன்று முழுக்க எத்தனை முறை சோதித்தும் திரும்ப அப்படிச் செய்யவில்லை. மறுநாள் காலை மறுபடியும் அதே துள்ளல். அவர்கள் முகம் மாறிவிட்டது. சோதிக்கும்போது ஒரு மாதிரி, மற்ற நேரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்படி மென்பொருளை எழுதி ஏமாற்றுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கும் இப்படி நடந்தால் சோதனையை நிறுத்தி ஆணையத்துக்கு அறிவிப்போம் என்றார்கள். அப்படி அறிவித்தால் அந்த நாடு மட்டும் போகாது. ஒரு நாட்டில் கெட்ட பெயர் எடுத்த பெட்டியை இன்னொரு நாடு தொடாது. சேர் தன் ஓய்வுப் பணத்தையெல்லாம் அந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடிந்தபோது நான் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சேர் போனில் கூப்பிட்டார். நாத்தனாரும் அதே அழைப்பில் இருந்தாள்.

"அண்ணி, பெட்டி திரும்பவும் துள்ளுது. இப்ப, இந்த நிமிசம். நீர் எழுதிக் குடுத்ததில ஏதும் விட்டுப்போச்சோ எண்டு ஒருக்காப் பாரும்."

"எல்லாத்தையும் பாத்துட்டேன் சேர், ஒண்ணுமே புரியல" என்று நாத்தனார் தூரத்திலிருந்து சொன்னாள்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் வீட்டுக்குப் பின்னாலிருந்து தோட்டத்துச் சங்கு ஊதியது. தினமும் ஊதுகிற சங்கு. கையில் தேங்காய் மூடியோடு அப்படியே நின்றேன்.

"சேர்," என்றேன், "அங்க இப்ப பெரட்டு."

"என்ன?"

"பெட்டியில இருக்கிற மணிக்கூட்ட யாரும் மாத்தல சேர். அது இன்னும் நம்ம நேரத்துலதான் ஓடுது. இங்க சங்கு ஊதுது, அது அங்க பெரட்டுக்குக் கெளம்புது."

எங்கள் நேரத்துக்கு விடியற்காலை, அவர்களுக்கு ஆபீஸ் தொடங்கிய நேரம். விண்ணப்பத்தில் பெட்டி செய்கிற ஒவ்வொன்றையும் எழுதியிருந்தேன்: பேச்சு, செய்தி, காத்திருப்பு, அவசர அழைப்பு. பெரட்டை எழுதவில்லை. எழுதியதை சேர் வாசித்தார், நாத்தனார் வாசித்தாள், கணக்குப் பையன்கூட எழுத்துப்பிழை பார்த்தான். யாருக்கும் உறைக்கவில்லை. விடிந்தால் பெரட்டு. தோட்டத்துக்காரர்களும் தோட்டத்துக்கு நடுவில் ஆயுளைக் கழித்தவரும் சேர்ந்திருந்த அலுவலகத்தில் அது ஒரு விசேஷமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்த அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம். அதற்கு அடுத்த நொடியில்தான், மாட்டிக்கொண்டது என் யோசனை என்பது உறைத்தது.

சேர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பட்டார்.

"ஆற்ற யோசனை அது? ஆர் அதை உள்ளுக்குப் போட்டது?"

"நாந்தான் சேர்" என்றாள் நாத்தனார். "நாந்தான் யோசிச்சேன், நாந்தான் எழுதினேன். மணிக்கூட்டையும் நாந்தான் மாத்தாம விட்டேன். வேற யாரும் இல்ல."

பாராட்டு வந்தபோது அண்ணியும் நானும். திட்டு வந்தபோது நாந்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த யோசனை என்னுடையது. பனியில் நின்று, அரைப்பேர் வாங்கி, எனக்கு வந்த யோசனை. அதன் புகழையும் வாங்கிக்கொண்டாள், பழியையும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாள். எனக்கென்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாளா?

"இல்ல சேர்" என்று கத்தினேன். "அது என் யோசனை. நாந்தான் சொன்னேன். நீங்க பிஸ்கட் தோச்சுக்கிட்டிருந்தீங்க."

சேர் பெருமூச்சு விட்டது கேட்டது. குரல் இளகிவிட்டது.

"அண்ணி, உம்மட மனசு எனக்கு விளங்குது. தங்கச்சியக் காப்பாத்தப் பாக்கிறீர். இப்பிடி ஒரு அண்ணி கிடைக்க அவ குடுத்துவச்சிருக்கவேணும். சரி, நடந்தது நடந்துபோச்சு."

"சேர், சத்தியமா சொல்றேன்..."

"விளங்குது, விளங்குது."

அடுக்களை வாசலில் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரும் நம்பவில்லை. என் யோசனையை என்னுடையது என்று நான் வாய் திறந்து சொன்ன ஒரே தடவை, அதை ஊரே என் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டது. மிச்சத் தேங்காயை அவ்வளவு பலமாகத் துருவினேன், விரலையும் சேர்த்துத் துருவிவிட்டேன்.

ஏமாற்ற நினைக்கவில்லை என்று அவர்களுக்கு விளக்கி எழுதுவது என் தலையில் விழுந்தது. மணிக்கூடு, வலு, பதிப்பு எல்லாம் நாத்தனார் எழுதி அனுப்பினாள். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை நான் எழுத வேண்டும். பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? இடுப்பில் ஈரம் படாத படங்குத் துணி கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, ஈரத்தில் வந்து நிற்கிற பெண்களைப் பற்றி எழுதினேன். ஒரு முறை நாங்கள் போன மலையில் முந்தின நாளே குளவி கலைந்திருந்தது. அந்தச் செய்தி எங்கள் டிவிஷனுக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் ஏறிவிட்டோம். முகம் வீங்கிக் கண் தெரியாமல் போன அம்மாவை இரண்டு பேர் தாங்கிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். இந்தப் பெட்டி காலையில் அந்த ஒரு நேரம் மட்டும் ஏன் சத்தமாகப் பேச வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அது. அப்படியே எழுதினேன். சேர் வாசித்துவிட்டு ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பச் சொன்னார்.

பதில் வந்தது. மறைத்த குற்றம் இல்லை, அறிவிக்காத பிழை என்று ஏற்றுக்கொண்டார்கள். பெரட்டையும் பெட்டியின் வேலைகளில் ஒன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நாட்டு அளவுக்குள் அதன் வலுவை அடக்க வேண்டும். தோட்டத்துக்காரர் தானே முடுக்கினால் ஒழிய அது தொடங்கக்கூடாது. புதிய பதிப்போடு மறுசோதனைக்கு வர வேண்டும். கடைசியில் ஒரு வரி: இந்த விளக்கத்தை எழுதியவர் இம்முறை நேரில் வரட்டும்.

அந்த வரியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதீர்கள். என் எழுத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். எஞ்சினியர் வேண்டாம், நான்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நாத்தனார் ஊர் திரும்பி, ஜாக்கெட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்க இன்னும் குளிரு கூடியிருக்கும் அண்ணி, உள்ளுக்கு ஒரு பனியனும் போட்டுக்கங்க" என்றாள். எனக்கு வழிகாட்டுகிறாளாம். வாங்கி வைத்துக்கொண்டேன். கட்டுநாயக்கவில் அவள் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தாள். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை.

ஆய்வுகூடத்து வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். வீடியோவில் பின்னாலிருந்து கையாட்டிய அதே பெண். குனிந்து வணங்கி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார். கடவுச்சீட்டில் இருக்கிற என் முழுப்பெயரை முன்பே அனுப்பியிருந்தேன். அட்டையில் அது இல்லை. கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், அண்ணி என்று அச்சடித்திருந்தது.

"உங்கள் தங்கை எப்போதும் இப்படித்தான் சொன்னார்" என்றார் அவர், நிறுத்தி நிறுத்திப் பேசிய ஆங்கிலத்தில். "நாங்கள் கோபமாக இருந்த அன்றைக்கு அவர் எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னார். 'இது அண்ணியின் யோசனை. அந்தக் கூட்டத்தில் நின்றவர் அவர். நான் நின்றதில்லை. விளக்கம் வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுங்கள், நான் சொல்வது பத்தாது' என்று மூன்று முறை சொன்னார். அதனால்தான் உங்களை வரச் சொன்னோம்."

அப்படியானால் என் எழுத்தைப் பார்த்து மட்டும் கூப்பிடவில்லை. திட்டுகிற இடத்தில் யோசனையைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டு, மதிக்கிற இடத்தில் என்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். ஊருக்கு வந்து அதை எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. எனக்கு வந்தது நன்றியா என்றால் கொஞ்சம் நன்றிதான். மிச்சம் அத்தனையும் பொறாமை. அவளுக்கு இதெல்லாம் எப்படி இவ்வளவு லேசாக வருகிறது என்ற பொறாமை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். செய்திருந்தாலும் வீட்டுக்கு வந்து பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

சோதனை அறைக்குள் பெட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் வெளியே திரையைப் பார்த்து நின்றோம். பெரட்டைத் தொடங்கும்படி அந்தப் பெண் எனக்குச் சைகை காட்டினார். நான் முடுக்கினேன். பச்சைக் கோடு மெதுவாக எழும்பி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து நின்று, பிறகு பழையபடி இறங்கியது. இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். அப்போதும் அப்படியே நின்றது. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் திரும்பி, அட்டையை வாசித்து, "அண்ணி, சான்றிதழுக்கு இது போதும்" என்பது போல ஏதோ சொல்லித் தலையாட்டினார்கள். ஒவ்வொருவராக என் கையைக் குலுக்கினார்கள்.

அந்த நேரத்தில், இதைப் பார்க்க அவளும் இங்கே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. மனதார, ஒரு நிமிடம் தோன்றியது. இருந்திருந்தால் அவர்கள் அவளைத்தான் பார்த்திருப்பார்கள் என்றும் உடனே தோன்றியது. ஜாக்கெட்டின் பொத்தானைக் கழுத்து வரை போட்டு, அட்டை வெளியே தெரிகிற மாதிரி இழுத்து விட்டுக்கொண்டேன்.